தண்ணிய விடுங்க மச்சான்

தண்ணீரிலேயே ஓடுகிற வண்டி ஒன்று, தண்ணீர் குடித்துச் செத்துப்போனது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

மச்சான் நம்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று அவருக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மீனுக்குச் சளி பிடிச்சுதுன்னு சொல்ற மாதிரி இருக்கே மாப்ள" என்றார்.

சொல்லிக்கொடுத்தவன் அவருடைய தங்கையின் புருஷன். வேறு பாஷை பேசும் ஓர் ஊரின் கடற்கரையில் வாட்டர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் இடத்தில் மெக்கானிக். அவனுடைய பெயர் அந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. என்ன கோளாறு என்று வண்டி வந்தாலும், "முதல்ல பிளக்கைப் பார்க்கலாம்" என்பான். அதனால் பிளக்கு என்றே வைத்துவிட்டார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். நாளாக ஆக, வேறு யாரையோ கூப்பிடுவது போலத்தான் தன் சொந்தப் பெயரே அவன் காதில் விழுந்தது.

வாட்டர் ஸ்கூட்டரைப் பார்த்திருப்பீர்கள். பைக்கில் உட்காருவது போல உட்கார்ந்து கடலில் பறப்பார்கள். படகுக்கு இருப்பது போல வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விசிறி இருக்காது. வயிற்றுக்கு அடியில் ஒரு கம்பிச் சல்லடை. அது வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் பம்ப் பின்பக்கமாகப் பீச்சி அடிக்கும். அந்தப் பீச்சலில் வண்டி முன்னால் ஓடும். கடலில் ஓடிவிட்டு வந்தால் உப்பு உள்ளே தங்கக் கூடாது. ஷெட்டுக்குக் கொண்டுவந்து, ரப்பர் குழாயை மாட்டி, நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினைக் கழுவ வேண்டும். அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்ற பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அதற்குப் போக இடமில்லை. புகைக்குழாய் வழியாக ஏறி இன்ஜினுக்குள்ளேயே போய்விடும்.

"அதனால முதல்ல இன்ஜின், அப்புறம் தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணி, அப்புறம் இன்ஜின்" என்று பிளக்கு சொன்னான்.

மச்சான் ஊரில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு எல்லாமே பஸ்தான். "புரிஞ்சுது. ஏறும்போது இன்ஜின் முன்னாடி, இறங்கும்போது தண்ணி முன்னாடி" என்றார். அதற்குப் பிறகு தானாக ஒரு தடவைகூட அவர் அதை மாற்றிச் செய்யவில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

பஸ் முதலாளி வண்டியை விற்றுவிட்டார். வாங்கினவர் டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு கண்டக்டரைக் கழற்றிவிட்டார். நரைத்த மீசையோடு வேலை கேட்டு அலைந்துகொண்டிருந்தவரை, பிளக்கு தன் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கே வரவழைத்தான். தற்காலிக வேலைதான். கொஞ்ச நாள் பார்ப்பேன், பிடித்தால் வைத்துக்கொள்வேன், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பிளக்கு கெஞ்சியது மனைவிக்காக மட்டும் இல்லை. இத்தனை வருஷமாக அவன் தமிழில் பேசியது போனிலும் ஸ்பேனர்களிடமும்தான். கழலாத போல்ட்டைத் தமிழில் திட்டுவான். கழன்று வந்தால் தமிழில் கொஞ்சுவான். மற்றபடி நாள் முழுவதும் அந்த ஊர்ப் பேச்சில் அவனுக்குத் தெரிந்த அரைகுறைச் சொற்களும் கை சாடையும்தான். மச்சான் வந்து அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்த அன்று இரண்டு பேரும் பேசிய பேச்சில் பிளக்குக்குத் தாடை வலித்தது. அந்த வலி அவனுக்குப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு சங்கடம். மச்சான் அவன் மனைவிக்குத் தம்பி இல்லை, அண்ணன். வயதில் மூத்தவர். அவரைப் போய் வேலை வாங்குவது எப்படி?

ஷெட்டில் சத்தம் ஜாஸ்தி. வண்டிகளை ஏற்றி இழுக்கும் டிராலியின் டயருக்குக் காற்றடிப்பதற்கும், துரு ஊதுவதற்கும் மூலையில் ஒரு கம்ப்ரஸர் வைத்திருந்தார்கள். காற்று குறைந்தால் அது சொல்லாமல் கொள்ளாமல் தானாகவே ஆரம்பித்துத் தடதடவென்று உயிரை எடுக்கும். அதனால் பிளக்கும் டிராலி தள்ளுகிற அந்த ஊர்க்காரரும் தங்களுக்குள் சாடை வைத்திருந்தார்கள். உள்ளங்கையை விரித்தால் தண்ணீரைத் திற. முஷ்டியை மடக்கினால் மூடு. முதல் வாரத்தில் பிளக்கு பழக்க தோஷத்தில் மச்சானிடம் முஷ்டியைக் காட்டிவிட்டான். மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மாப்ள, கைய மடக்கிக் காட்டுறீங்க?"

"ஐயோ, அது தண்ணிய மூடுறதுக்குச் சாடை மச்சான்."

"வாயில சொன்னா செய்ய மாட்டேனா? நாம என்ன வேத்து பாஷைக்காரங்களா?"

அது எப்படியோ அன்று மாலையே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி போனில் பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணனுக்குக் குத்துவிடப் போனீங்களாமே? உங்களுக்குப் பொண்ணு குடுக்கலாம்னு எங்க வீட்டுல சொன்னது அந்த ஒரு மனுஷன்தான். ஞாபகம் இருக்கட்டும்."

அன்றிலிருந்து பிளக்கு மச்சானிடம் கை சாடை காட்டுவதில்லை. ஷெட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தமிழ்தான். மரியாதையான தமிழ்.

ஒரு நாள் மஞ்சள் நிற வண்டி ஒன்று நடுக்கடலில் நின்று, கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. அதை எல்லோரும் மஞ்சள் என்றே சொல்வார்கள். மறுநாள் காலையில் முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு ஷெட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாரிடமும் கத்த மாட்டார். கத்தாமலேயே ஆளை அனுப்பிவிடுவார்.

அவர் அவருடைய பாஷையில் சொன்னது இதுதான்: நாளைக்குப் பெரிய கூட்டம் வருகிறது, எல்லா வண்டியும் வேண்டும். சாயங்காலம் நான் வரும்போது மஞ்சள், படகுத்துறையில் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் உன் ஆளை வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால், நாளைக் காலையில் வேன் போகிறது, அதில் அனுப்பிவிடுகிறேன். இரண்டு பேர் இருந்தும் ஒரு வண்டி எழுந்திருக்கவில்லை என்றால் இரண்டாவது ஆள் எதற்கு?

அவர் போனதும் மச்சான் கேட்டார். "என்ன மாப்ள சொல்றாரு? என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுனாரே."

மறைக்கப் பிளக்குக்கு மனம் வரவில்லை. சொன்னான்.

மச்சான் மீசையைத் தடவினார். "அவ்வளவுதானே? கிளப்பிடலாம் வாங்க."

"இன்ஜின் கோளாறா பம்ப் கோளாறான்னு முதல்ல பிரிக்கணும் மச்சான். இழுத்துட்டு வந்தவன் என்ன சொன்னான்? இன்ஜின் நல்லா அலறுது, வண்டிதான் நகரலன்னான்."

"விசில் குடுத்தும் டிரைவர் எடுக்கலன்னா டிரைவர் தூங்கிட்டான். எடுத்தும் நகரலன்னா டயர்."

"அதேதான். இது பம்ப்தான்."

"அப்புறம் எதுக்கு சீட்டைத் தூக்கிட்டு பிளக்கைக் கழட்டுறீங்க?"

"சும்மா... ஒரு பார்வை பார்த்துக்கலாம்னு."

"இந்த ஊர்க்காரன் பேரு சரியாத்தான் வெச்சிருக்கான். பொண்ணு பார்க்க வந்தப்பவே பிளக்குன்னு சொல்லியிருந்தா பத்திரிகையில போட்டிருப்போம்."

பிளக்குகள் நன்றாக இருந்தன. துடைத்து மாட்டினான். வண்டியைச் சாய்க்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பது முக்கியம். புகைக்குழாய் இருக்கும் பக்கம் கீழே வர வேண்டும், மாற்றிச் சாய்த்தால் தங்கியிருக்கும் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். மச்சான் பழைய டயர் இரண்டைக் கீழே போட்டுப் பூப்போலச் சாய்த்தார். அடியில் இருந்த சல்லடையைக் கழற்றி, பிளக்கு டார்ச் அடித்துப் பார்த்தான்.

இம்பெல்லர் என்கிற அந்த உள்விசிறியின் தண்டில் மீன்பிடிக்கிற நைலான் நரம்பு சுற்றிச் சுற்றி, சூட்டில் உருகி, கட்டையாகப் பிடித்திருந்தது. கத்தி உள்ளே நுழையவில்லை. இடுக்கி வழுக்கியது. பிளக்கு போராடிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"தள்ளுங்க" என்று மச்சான் குனிந்தார். காலமெல்லாம் டிக்கெட் கிழித்த கட்டைவிரல். நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு நுனியைக் கண்டுபிடித்து, அதைக் கிழியாமல் பிரித்து, வாய்க்குள் ஏதோ நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே இழுத்தார். நரம்பு வந்தது. கூடவே யாரோ தொலைத்த நீச்சல் கண்ணாடியின் ரப்பர் பட்டையும் வந்தது.

"பாருங்க மாப்ள, வித்தவுட்ல ஒருத்தன் பதுங்கி இருந்திருக்கான்."

பிளக்கு வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் கோளாறு அதோடு முடியவில்லை. இம்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி இருக்கலாம். எப்போதோ உள்ளே போன கூழாங்கல் அந்த வளையத்தை உழுதுவிட்டிருந்தது. விரலை வைத்தால் நகம் மாட்டியது.

"இந்தப் பள்ளம் வழியா தண்ணி நழுவிடும். இம்பெல்லர் சும்மா சுத்தும். அதான் அலறுது, நகரல."

"கதவு சாத்தாத பஸ் மாதிரி. முன்னாடி ஏத்துற ஆளெல்லாம் பின்னாடி விழுந்துட்டா கலெக்‌ஷன் எங்கேருந்து வரும்?"

ஷெட்டுக்குப் பின்னால் வெயிலில் காய்ந்து கிடந்த சிவப்பு வண்டி ஒன்றின் பம்ப்பில் இருந்து, தேயாத வளையத்தைக் கழற்றி எடுத்தார்கள். அதைக் கழற்றுவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி மஞ்சளில் இறக்கினார்கள். பம்ப் உட்காரும் இடத்தைச் சுற்றிக் காற்றுப் புகாமல் பசை போட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் ஜன்னலில் கிடந்தது. மனைவி போன் பண்ணினாள். எடுத்து, "சாயங்காலம் நல்ல சேதி சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். அதை அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

தண்ணீரில் இறக்கியதும் பிளக்கு ஏறி உட்கார்ந்தான். மச்சான் துறையின் ஓரத்தில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்து, "போலாம் ரைட்!" என்று கத்தினார். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் ஒரு துள்ளுத் துள்ளி, கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போலப் பாய்ந்தது. பிளக்கு ஒரு பெரிய வட்டமடித்து வந்து, வேண்டுமென்றே துறையை ஒட்டித் திருப்பி, மச்சானைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தான்.

"மாப்ள முறுக்கு இப்பத்தான் தெரியுது!" என்று மச்சான் முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தார்.

அப்படியே துறையில் கட்டிவிட்டு வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் உப்பைக் கழுவாமல் வண்டியைக் கட்ட பிளக்குக்குக் கை வராது. முதலாளி வர இன்னும் நேரம் இருந்தது. டிராலியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ரப்பர் குழாயை மாட்டுவதற்கு முன்னால், ஓடி வந்த இன்ஜினில் பிளக் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. சீட்டைத் தூக்கி, மூன்றில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தான். அழகான நிறம். திருப்பி மாட்டி, மேலே ஒயரோடு வரும் மூடியை அழுத்தினான். சந்தோஷத்தில் இருந்த கை. மூடி சரியாக உட்கார்ந்ததா என்று ஆட்டிப் பார்க்கவில்லை.

இன்ஜினைக் கிளப்பினான். மச்சான் சுவர் ஓரத்துக் குழாயைத் திறந்தார். இன்ஜின் முன்னாடி, தண்ணி அப்புறம். எல்லாம் ஒழுங்கு. பின்பக்கத்தில் இருந்து கழுவிய தண்ணீர் புகையோடு வெளியே கொட்டியது. கொஞ்ச நேரம் ஓடிய இன்ஜின் திடீரென்று திக்கியது. இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது.

நின்ற அந்தக் கணமே மச்சான் குழாயை மூடிவிட்டார். யாரும் சொல்லவில்லை. அவரே மூடினார்.

பிளக்கு அதைப் பார்க்கவில்லை. மச்சான் மூடியிருப்பார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவன் தலை இன்ஜினுக்குள் இருந்தது. பிளக் மூடி கழன்று தொங்குவது தெரிந்தது. இவ்வளவுதானா என்று நிம்மதி. மூடியைப் பிடித்து அழுத்தினான். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. வேறொரு கை ஒயரை ஒதுக்கிப் பிடித்தால் சுலபம். மச்சான் வந்து பிடித்தால் நல்லது. அவர் குழாய் பக்கத்திலேயே நின்று என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தான். மூத்த மனிதரை 'அங்க என்ன வேடிக்கை, இங்க வாங்க' என்று கூப்பிட முடியுமா? அது கிடக்கட்டும், நீங்கள் வாருங்கள் என்று பதமாகச் சொல்ல நினைத்தான். தலையை எடுக்காமலே குரல் கொடுத்தான்.

"தண்ணிய விடுங்க மச்சான், இங்க வாங்க!"

அந்த நேரம் பார்த்து மூலையில் கம்ப்ரஸர் தானாக ஆரம்பித்தது. முதல் மூன்று சொல் மச்சான் காதுக்குப் போனது. மிச்சம் போகவில்லை.

தண்ணிய விடுங்க மச்சான்.

மச்சான் ஒரு நொடி தயங்கினார். இன்ஜின் ஓடவில்லையே என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மாப்ளைக்குத் தெரியாததா? அரை வார்த்தை காதில் விழுந்தாலே விசில் கொடுத்துப் பழகிய மனிதர். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

கம்ப்ரஸர் சத்தத்தில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்கவில்லை. பிளக்கு ஒற்றைக் கையாலேயே மூடியோடு மல்லுக்கட்டினான். அவர் ஏன் வரவில்லை என்று மனதுக்குள் லேசாகக் கோபம்கூட வந்தது. ஒருவழியாக மூடி 'டக்' என்று உட்கார்ந்தது. எட்டி ஹேண்டிலில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான்.

டொக்.

அது இன்ஜின் கிளம்பாத சத்தம் இல்லை. சுத்தியலால் கல்லில் ஒரே ஒரு அடி அடித்த சத்தம். பிளக்கு நிமிர்ந்து பார்த்தான். மச்சான் குழாயைப் பிடித்தபடி, அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பவர் போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் குழாய் விறைத்து நின்றது.

"தண்ணி..." என்றான். கையை மட்டும் தூக்கி முஷ்டியை மடக்கினான்.

மச்சான் மூடினார்.

அப்புறம் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். பிளக் மூன்றையும் கழற்றினான். ஸ்டார்ட்டரைத் தட்டியதும் மூன்று துளையில் இருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்து, ஷெட் கூரையின் தகரத்தில் பட்டு மழை மாதிரி இருவர்மேலும் சொட்டியது. எண்ணெய் விட்டான். துடைத்தான். கம்ப்ரஸர் குழாயால் ஊதினான். மச்சான் கேட்காமலேயே துணி எடுத்துக் கொடுத்தார், கேட்காமலேயே டார்ச் அடித்தார். மறுபடி சுற்றும்போது இன்ஜினுக்குள் எங்கேயோ கரகரவென்று பல்லைக் கடிக்கும் சத்தம்.

பிளக்கு மெல்லிய ஸ்க்ரூடிரைவரைத் துளையில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, பிஸ்டன் எதுவரை மேலே வருகிறது என்று பார்த்தான். முதலாவதில் வந்தது. இரண்டாவதிலும் அதே அளவு. மூன்றாவதில் நகக்கண் அளவு குறைவாக நின்றது. திரும்பப் பார்த்தான். திரும்பவும் அதே குறைவு. உள்ளே தண்ணீரை நசுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிட்டது.

"சரியாயிடுமா மாப்ள?"

"இன்ஜினையே பிரிக்கணும்."

"இன்னிக்குள்ள?"

பிளக்கு ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"நீங்கதானே விடச் சொன்னீங்க?" மச்சான் குரலில் குற்றம்சாட்டுகிற தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான் விட்டுட்டு வாங்கன்னு சொன்னேன் மச்சான்."

மச்சான் குழாயைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஓ, அந்த விடு" என்றார்.

வெயில் இறங்கும் நேரத்தில் முதலாளி வந்தார். துறையில் மஞ்சள் இல்லாததைப் பார்த்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தார். தரையில் தேங்கிய தண்ணீர், கழற்றிக் கிடந்த பிளக்குகள் எல்லாம் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் வண்டி கழுவியவர்தான். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

"இன்ஜின் நின்னப்புறம் தண்ணிய யார் திறந்தது?"

"என் தப்பு" என்றான் பிளக்கு.

"யார் தப்புன்னு கேக்கல. யார் திறந்தது?"

பிளக்கு மச்சானைப் பார்க்காமல் தலையை மட்டும் அவர் பக்கம் அசைத்தான். வேறென்ன செய்வது? குழாய் அவர் கையருகில்தான் இருந்தது.

"நீ திறக்கச் சொன்னியா?"

"இல்ல."

"மூடச் சொன்னியா?"

"இல்ல. அவரே மூடிட்டாரு. நான் சொல்றதுக்கு முன்னாடியே மூடிட்டாரு."

"அப்ப நீ என்னதான் சொன்ன?"

பிளக்கு வாயைத் திறந்தான். எண்ணெய் விடு என்றால் ஊற்று. கையை விடு என்றால் எடு. கோழியை விடு என்றால் திறந்துவிடு. பேச்சை விடு என்றால் நிறுத்து. எல்லாம் ஒரே சொல். அம்மா மடியில் கற்றுக்கொண்ட சொல். இதுவரை ஒருவரும் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதே இல்லை. இதை எப்படிச் சொல்வது? முதலாளியின் பாஷையில் ஊற்றுவதற்கு ஒரு சொல், கைவிடுவதற்கு வேறொரு சொல். இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட வராது. "எங்க பாஷையில..." என்று ஆரம்பித்தான். திறக்கிற மாதிரி கையை ஆட்டினான். அப்புறம் வேண்டாம் என்கிற மாதிரி கையை ஆட்டினான். "ரெண்டும் ஒண்ணு" என்றான். அவன் காதுக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் கேட்டது.

முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திறக்கிறதும் திறக்காததும் ஒண்ணா?"

"இல்ல... சொல்லு ஒண்ணு."

"பிளக்கு, உன் பாஷைக்காரருக்கு நீ சொல்றதே புரியலன்னா, நான் சொல்றது அவருக்கு எப்படிப் புரியும்?"

இதற்கு என்ன பதில் இருக்கிறது? இருந்தது. தமிழில் இருந்தது. நல்ல, முழுசான, கோர்வையான பதில். முதலாளியின் பாஷையில் அவனால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:

"அவரு வேலை தெரிஞ்சவரு. பம்பைச் சரி பண்ணதே அவர்தான். தப்பு என்னோடது. அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க."

முதலாளி லேசாகச் சிரித்தார். "உன்னை அனுப்பிட்டா இதை யார் பிரிப்பாங்க?" என்று மஞ்சளைக் காட்டினார். போகும்போது மச்சானின் தோளில் தட்டிவிட்டுப் போனார். மச்சான் அதற்குப் பதிலாக ஒரு வணக்கம் போட்டார்.

பேசினதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் கடைசி நிறுத்தத்தை அடையாளம் தெரியாத கண்டக்டரா அவர்?

"வேன் எத்தனை மணிக்கு மாப்ள?" என்று கேட்டார்.

அறையில் மச்சான் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். வைக்க அதிகம் ஒன்றும் இல்லை. வந்தபோது பிளக்கு வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பை மடித்து ஓரத்தில் சொருகினார். பிளக்கு ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு, என்ன சமைக்கலாம் என்று யோசிக்காமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். போன் அடித்தது. நல்ல சேதிக்காகக் காத்திருப்பவள். அவன் எடுக்கவில்லை. மச்சான்தான் எடுத்தார்.

"நான்தாம்மா... ஆமா, ஊருக்கு வர்றேன்... அட, யாரும் ஒண்ணும் சொல்லல. மாப்ள தங்கமா பார்த்துக்கிட்டாரு. இந்த ஊரு தண்ணி எனக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு பிளக்கைப் பார்த்துக் கண்ணடித்தார். பிளக்குக்குச் சிரிப்பு வரவில்லை. போனை அவனிடம் நீட்டினார்.

"என்னங்க ஆச்சு?" மனைவி அழுதுகொண்டிருந்தாள். "தண்ணி ஒத்துக்கலன்னா யாராவது வேலைய விட்டுட்டு வருவாங்களா? அங்க போயி ஏதாவது சொல்லிட்டீங்களா அவர? இந்த வயசுல வந்து இங்க அவரு யாருகிட்ட போயி நிப்பாரு? முதலாளிகிட்ட இன்னொரு தடவை பேசுங்க. எங்க அண்ணன விட்டுடாதீங்க."

"பேசிட்டேன்."

"என்ன பேசுனீங்க?"

"பேசுனேன்."

அவள் இன்னும் என்னென்னவோ கேட்டாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்தச் சொல் தெரியும். ஒரு நொடியில் புரிந்திருக்கும். புரிந்து என்ன ஆகப் போகிறது? புரியவேண்டியவருக்குப் புரியவில்லை. காலையில் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

வைத்ததும் கட்டிலில் உட்கார்ந்தான். "மச்சான், நான் அந்த ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லியிருந்தா... இங்க வாங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா... தலைய வெளிய எடுத்து ஒரு பார்வை பார்த்திருந்தா..."

மச்சான் பையின் ஜிப்பை இழுத்தார். பாதியில் மாட்டிக்கொண்டது. நகத்தால் துணியை விலக்கி மீண்டும் இழுத்தார்.

"விடுங்க மாப்ள" என்றார்.

பிளக்கு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். இந்தத் தடவை அர்த்தம் சரியாகத்தான் கேட்டது. ஆனால் எதை விடுவது, எப்படி விடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை வேன் வந்தது. மச்சான் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கையை வெளியே நீட்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டியதும் டிரைவர் எடுத்துவிட்டான். பெரிய கூட்டம் வந்தது. மஞ்சளைத் தவிர எல்லா வண்டிகளும் கடலுக்குப் போய் வந்தன. முதலில் திரும்பி வந்ததைக் கழுவும்போது டிராலிக்காரர் குழாய் பக்கத்தில் நின்றார். பிளக்கு உள்ளங்கையை விரித்தான். தண்ணீர் வந்தது. முஷ்டியை மடக்கினான். தண்ணீர் நின்றது.